ஒரே தண்ணீர், வெவ்வேறு மணம்

அருகருகே அமைந்த நிலங்களில் ஒரே நீரைக் குடித்து வளர்ந்தாலும், விளைச்சல் சுவையில் ஒன்றையொன்று மிஞ்சி நிற்கின்றது. சிந்திக்கும் மக்களுக்கு இதனை ஓர் அத்தாட்சியாக அருள்மறையின் 13ஆம் அத்தியாயமான அர்ரஃது எடுத்துக்காட்டுகின்றது. இவ்வுண்மையைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் புதினாவே போதும்.

பிரியாணிக்கு மணமூட்டும் புதினா, மொரோக்கோ மக்களின் தேநீருக்கு உயிராக விளங்குகின்றது. இலையின் மீதுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளே அம்மணத்தின் உறைவிடம். நம் புதினாவில் கார்வோனும், பெப்பர்மின்ட் வகையில் மெந்தாலும் முதன்மையானவை. ரோஸ்மரினிக் அமிலம் என்னும் பொருளும் இலையில் உண்டு. பூச்சியும் பூஞ்சணமும் அண்டாதிருக்கச் செடி தனக்கென ஆக்கிக்கொள்ளும் இத்தகைய பொருள்களே நமக்கும் நலன் பயக்கின்றன.

இவை எல்லாச் செடியிலும் ஒரே அளவில் அமைவதில்லை. பெப்பர்மின்ட் செடிக்கு நீண்ட பகல் தேவை. பகல் குறுகினால் மெந்தால் குறைந்து, விரும்பத்தகாத மெந்தோஃபுரான் மிகும். கோடைப் பகல் நீண்டிருக்கும் அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் இப்பயிருக்குப் பெயர்பெற்றவை. நிழலில் வளரும் புதினாவின் இலை அகன்றிருக்கும், மணமோ மங்கியிருக்கும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் தழை பெருகும். ரோஸ்மரினிக் அமிலம் போன்றவை குறைந்துவிடும். சிறிதளவு நீர்க்குறைவு மணத்தைக் கூட்டுவதுண்டு. ஆனால் செடி வாடுமளவு காயவிட்டால் இலையே அருகிப்போகும், பயனும் அற்றுப்போகும்.

ஆகவே இல்லத்தரசிகள் இலையின் பருமனைக் கண்டு மயங்க வேண்டா. தொட்டியை அரைநாளேனும் வெயில் படும் இடத்தில் வையுங்கள். மேல்மண் உலர்ந்தபின் நீர் ஊற்றுங்கள். உரமாக மக்கிய எருவை அளவோடு இடுங்கள். பூ அரும்பும் பருவத்தில், பனி உலர்ந்த காலை வேளையில் பறித்து, நிழலில் உலர்த்துங்கள். கொதிநீரில் இலையை இட்டதும் பாத்திரத்தை மூடிவிடுங்கள். இல்லையேல் ஆவியோடு மணமும் அகன்றுவிடும். இத்தேநீர் உண்டபின் வயிற்றுக்கு இதமளிக்கும். எனினும், நோய்க்கு மருத்துவரையே நாட வேண்டும்.

தழைப்பது வேறு, பயன் தருவது வேறு. அளவு மீறிய செழிப்பும் கடும் வறட்சியும் அன்றி, இரண்டிற்கும் நடுவிலேயே இச்சிறு செடி தன் நற்குணத்தைப் பெறுகின்றது. பிள்ளைகளை வளர்ப்போர்க்கும் இதில் படிப்பினை உண்டு. படைப்பினங்களைக் கண்டு சிந்திக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.