தொட்டியைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, குழாய் மூடியிருக்கிறதா?

சிலிம் ரிவரில் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை கிடையாது, துறைமுகமும் கிடையாது. பிறகு எண்ணெய்த் தொட்டியைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். செம்பனை ஆலையில் டீசல் தொட்டி. பக்கத்திலேயே ஆட்டிய எண்ணெயைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டிகள். தோட்டத்து டிராக்டர்களுக்காக ஸ்டோர் ஓரம் ஒரு தொட்டி. லோரிக் கம்பெனியில் ஒன்று, மணல் எடுக்கும் இடத்தில் ஒன்று. வாகனப் பட்டறைக்குப் பின்னால் பழைய கறுப்பு எண்ணெய் நிறைந்த தோம்புகள்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் எப்படியும் ஒரு கால்வாய் ஓடும். மழைத்தண்ணீர் வடிய வேண்டுமே! அந்தக் கால்வாய் சிலிம் ஆற்றுக்குப் போகும். சிலிம் ஆறு பெர்னாம் ஆற்றில் சேரும். பெர்னாம் தண்ணீர்தான் கீழே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே இங்கே ஸ்டோர் ஓரத்தில் சிந்துவது ஸ்டோர் ஓரத்தோடு நின்றுவிடுவதில்லை. 2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தபோது நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. கப்பல் கவிழ்ந்து வந்த டீசல் அல்ல அது.

தொட்டி என்றைக்காவது ஒழுகும். துருப்பிடிக்கும், குழாய் இணைப்பு தளரும், ரிவர்ஸ் எடுக்கிற லோரி இடிக்கும். அதனால்தான் தொட்டியைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் கட்டச் சொல்கிறார்கள். உள்ளே நிற்கும் தொட்டிகளில் பெரியது எதுவோ, அதன் கொள்ளளவில் 110 விழுக்காடு அந்தச் சுவருக்குள் நிற்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் வழங்கும் கணக்கு. தரையும் சிமெண்டாக இருக்க வேண்டும். சுவர் கட்டிவிட்டுத் தரையை மண்ணாக விட்டால், அடி இல்லாத வாளியில் தண்ணீர் பிடித்த கதைதான்.

சுவர் பல இடங்களில் இருக்கிறது. சிக்கல் அந்தச் சுவரின் அடியில் இருக்கும் வடிகுழாயில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று, இரும்புக் கால்களின் மேல் நிற்கிறது. சுற்றிலும் 4 மீட்டருக்கு 3 மீட்டர் சுவர். 11,000 லிட்டர் நிற்க வேண்டுமானால் சுவர் 92 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அதில் உபரி இடம் 1,000 லிட்டர். மேலே கூரை இல்லை. நம் பேராக் மழை ஒரே மாலையில் 100 மில்லிமீட்டர் கொட்டினால், சுவருக்குள் 1,200 லிட்டர் தண்ணீர் நிற்கும். உபரி இடம் ஒரே மழையில் போய்விட்டது. மறுநாளும் மழை. ஸ்டோர்க்காரர் என்ன செய்வார்? குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பார். தண்ணீர் வடிய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். குழாய் திறந்தபடியே கிடக்கும்.

நான் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தேன். எங்கள் தொட்டிக்கும் அழகான சுவர் இருந்தது. ஒரு நாள் காலைப் பிரட்டு முடிந்து வந்து பார்த்தால் கால்வாய் முழுக்க வானவில் நிறம். இரவில் டீசல் குழாயின் மூட்டு தளர்ந்திருக்கிறது. சுவருக்குள் ஒரு சொட்டும் நிற்கவில்லை. நான்கு நாள் முன்பு மழைத்தண்ணீரை வடிக்கத் திறந்த குழாயை யாரும் மூடவில்லை. திறந்தது யார் என்று துரை விசாரித்தார். நான்தான்.

அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. வடிகுழாய் எப்போதும் மூடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு பூட்டு, சாவி ஒருவர் கையில். திறக்கும் முன் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்பதால் முதலில் தண்ணீர்தான் வெளியேறும். கடைசியில்தான் எண்ணெய் வரும். ஆகவே திறந்தவர் அங்கேயே நின்று, மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். தேதியும் நேரமும் புத்தகத்தில் எழுத வேண்டும். இதைவிட மலிவான வழி, மேலே நான்கு தகரம் போடுவது. மழையே உள்ளே விழாவிட்டால் குழாயைத் திறக்கும் வேலை ஏது?

மழையும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் சென்னை எண்ணூரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு பக்கிங்காம் கால்வாய்க்குள் போனதாக அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அது கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மீனவர்களே படகில் போய் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். நல்ல வெயில் நாளுக்கு மட்டும் போட்ட ஏற்பாடு, வெள்ள நாளில் கைகொடுக்காது.

அடுத்தது, நிரப்பும் நேரம். டாங்கி லோரி வந்து குழாயை மாட்டிவிட்டு, ஓட்டுநர் தேத்தண்ணீர் குடிக்கப் போவார். தொட்டி நிறைந்து மேலே வழியும். சின்ன இடத்தில் மட்டும் நடப்பதல்ல இது. லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்டு கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த தொட்டியின் அளவுகாட்டி ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. தொட்டி நிறைந்தால் தானாக நிறுத்தும் சுவிட்சு ஒன்றும் இருந்தது. அதன் நெம்புகோலை ஒரு பூட்டுப் போட்டு நிலைநிறுத்தினால்தான் அது வேலை செய்யும். பூட்டுப் போடவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகி வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். தொட்டிகளைச் சுற்றியிருந்த சுவர்களும் கசிந்தன.

ஆகவே லோரி வருவதற்கு முன் அளவுக்கோலை விட்டுப் பார்த்து, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டுதான் குழாயை மாட்ட வேண்டும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. 10 டிகிரி வெப்பம் கூடினால் 10,000 லிட்டர் டீசல் சுமார் 80 லிட்டர் பெருகும். காலையில் குளிர்ந்த டீசலை முட்ட நிரப்பினால் மதியம் வழியும்.

பழைய தொட்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வேறிடத்தில் 40 ஆண்டுகள் நின்ற தொட்டியைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டினார்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவில்லை. 1988 ஜனவரி 2-ல் முதன்முறையாக டீசலை நிரப்பியபோது அது ஒரேயடியாகப் பிளந்தது. அலைபோல் எழுந்த டீசல் தடுப்பைத் தாண்டி, மழைநீர்க் குழாய் வழியாக மனோங்ககேலா ஆற்றில் சுமார் 28 லட்சம் லிட்டர் சேர்ந்தது. தண்ணீர் ஊற்றிச் சோதிக்க ஆகும் செலவு வெறும் தண்ணீர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-ல் திருத்தப்பட்டு, கடுமையான குற்றங்களுக்கு அபராதம் ஒரு கோடி வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. பட்டறைகளின் பழைய எண்ணெய் அட்டவணைக் கழிவு. அதை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கால்வாயில் ஊற்றவே கூடாது. உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏற்கனவே சிந்திவிட்டது, என்ன செய்வது? முதலில் வால்வை மூடுங்கள். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் வேண்டாம். கால்வாய்க்குப் போகும் வழியை மண்மூட்டையால் அடைத்து, மரத்தூளோ மணலோ போட்டு ஊறவைத்து அள்ளுங்கள். அப்படி அள்ளியதும் அட்டவணைக் கழிவுதான். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவுவதைப் பலர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். சோப்பு எண்ணெயை உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். பிறகு அதை எந்தத் தடுப்பாலும் பிடிக்க முடியாது. கால்வாயில் இறங்கிவிட்டால் மறைக்காமல் உடனே 999-க்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் சொல்லுங்கள். கீழே இருக்கிறவர்கள் மதகையாவது மூடிக்கொள்ள நேரம் கிடைக்கும்.