பால் மறக்கும் பன்றிக்குட்டிக்கு வயிறு ஏன் கெடுது? மருந்தைவிட தீவனம் ஏன் முக்கியம்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பன்றி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த தலைவலி இது. தாய்ப்பால் குடிக்கும்வரை கொழுகொழுன்னு இருந்த குட்டி, தாயிடமிருந்து பிரித்த ஒரே வாரத்தில் கழிச்சல் கண்டு மெலிந்துவிடும். பத்துக் குட்டியில் இரண்டு செத்தாலும் தாய்ப்பன்றிக்குச் செலவழித்த தீவனக் காசு குறையப் போவதில்லை.

குடலுக்குள் என்ன நடக்குது?

குட்டியின் இரைப்பையில் அமிலம் குறைவாகவே சுரக்கும். பாலில் உள்ள லாக்டோஸை நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக்கி அந்தக் குறையை ஈடுகட்டும். பால் நின்றதும் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். புதுத் தீவனம் பிடிக்காமல் பல குட்டிகள் ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடக்கும். உள்ளே உணவு வராததால் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சுருங்கும். செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போய் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்குத் தீனியாகும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தியும் மூன்று, நான்கு வாரத்தில் குறைந்திருக்கும். ஒரே நேரத்தில் இத்தனை அடி!

சரி, என்ன கொடுக்கலாம்?

பிறந்த 10-14 நாளிலேயே தாய்ப்பாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டித் தீவனம் பழக்கணும். மக்காச்சோளம், சோயா, தரமான மீன்தூள், பால் பவுடர் கலந்த தீவனம் எளிதில் செரிக்கும். பிரித்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதே தீவனம்தான். ஒரே நேரத்தில் கொட்டாமல் நாளுக்கு நான்கைந்து முறை. 'புரதம் ஜாஸ்தியா கொடுத்தா சீக்கிரம் வளரும்' என்பது தப்புக் கணக்கு. 18-20 சதவீதம் போதும். சிட்ரிக், ஃபார்மிக் போன்ற அமிலங்களைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தால் இரைப்பைக்கு உதவும்.

தாயை வேறு கொட்டிலுக்கு மாற்றி, குட்டிகளைப் பழகிய இடத்திலேயே விடுவது நல்லது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் தரை காய்ந்து, கதகதப்பாக இருக்கணும். சுத்தமான தண்ணீர் எப்போதும் வேண்டும்.

மரச்சீனி, ஹோட்டல் மிச்சம்?

மரச்சீனியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கு. நன்றாகக் காயவைத்தோ வேகவைத்தோ, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகத்தான் சேர்க்கணும்.

எண்ணெய், உப்பு நிறைந்த, கெட்டுப்போன ஹோட்டல் மிச்சம் பால் மறக்கும் குட்டிக்கு ஆகவே ஆகாது. 2020-ல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் வேகாத இறைச்சிக் கழிவு வழியாகப் பரவக்கூடியது.

நமக்கு இதில் என்ன?

கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அதில் பிழைக்கும் கிருமிகள் மனிதர்களுக்கான மருந்துக்கும் அடங்காது. வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினை, உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லும், கழிச்சலுக்கான துத்தநாக ஆக்சைடு மருந்தை 2022-லும் நிறுத்தியது. அதனால்தான் தீவனத்தின் பக்கம் இத்தனை கவனம்.

இவ்வளவுக்குப் பிறகும் கழிச்சல் வந்தால்? நீரிழப்புதான் குட்டியைச் சீக்கிரம் கொல்லும். உப்பு-சர்க்கரைக் கரைசலை உடனே குடிக்க வைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டணும். மருந்துக்கடையில் கேட்டு ஊசி போடுவது வேண்டாம்.