அரிசியை விடச் சிறிய எலும்பு

இளம் வயதில் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமானால், "நரம்பு தளர்ந்துபோச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அப்படித் தீர்ப்புப் பெறுகிறவர்களில் சிலருக்கு நரம்பில் பெரிய குறையே இருப்பதில்லை. செவிப்பறையின் அதிர்வை உட்காதுக்குக் கொண்டுபோகும் மூன்று எலும்புகளில் கடைசியானது அங்கவடி. நம் உடம்பிலேயே சிறிய எலும்பு அதுதான். உயரம் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். உட்காதின் வாசலில் பொருந்தியிருக்கும் அதன் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு தாறுமாறாக வளர்ந்தால், துருவேறிய கீல் போல அது இறுகிவிடும். இந்த நோய்க்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். பரம்பரையாக வரக்கூடியது. ஆண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பெண்களிடம் காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு இரண்டு காதுகளையும் பாதிக்கிறது. இந்தக் காது மந்தத்துக்கு அறுவை மருத்துவம் உண்டு. "காதில் கத்தி வைத்தால் உள்ளதும் போய்விடும்" என்ற பயம் ஒரு காலத்தில் முழுக்க நியாயமானது. இன்று அதில் சிறு பங்குதான் மிச்சம் என்பது என் கருத்து.

பழுது எலும்பிலா நரம்பிலா என்று கண்டுபிடிக்க முதலில் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். இசைக்கவையைத் தட்டிக் காதுத் துளைக்கு முன்னால் ஒரு தடவை பிடிப்பார்கள். அடித்தண்டைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு தடவை ஊன்றுவார்கள். எலும்பில் ஊன்றும்போது ஒலி பெரிதாகக் கேட்டால், வெளியிலிருந்து உட்காதுக்குப் போகும் வழியில்தான் அடைப்பு என்று கொள்ளலாம். பிறகு ஆடியோகிராம் எடுத்து மந்தத்தின் அளவைத் தெரிந்துகொள்வார்கள். நோயாளியின் பேச்சிலும் குறிப்பு கிடைக்கும். ஓடும் பேருந்தின் இரைச்சலில் தனக்கு நன்றாகக் கேட்கிறது என்பார். இரைச்சலை மீறிப் பேச மற்றவர்கள் குரலை உயர்த்துகிறார்கள், இரைச்சலோ அவரைத் தொந்தரவு செய்வதில்லை. தன் குரல் எலும்பு வழியாக உரக்கக் கேட்பதால் அவர் மெதுவாகவே பேசுவார்.

பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1870களில் ஜெர்மானிய மருத்துவர் யோகான்னஸ் கெஸ்ஸல் இறுகிய அங்கவடியை அசைத்துப் பார்த்தார், எடுத்தும் பார்த்தார். அன்று பென்சிலின் இல்லை, அறுவை நுண்ணோக்கி இல்லை. உட்காதைத் திறந்தால் சீழ் மூளைவரை போகலாம். 1900-இல் பாரிஸில் நடந்த மருத்துவ மாநாட்டில் முன்னணி மருத்துவர்கள் இந்த அறுவையைக் கண்டித்தார்கள். கையிலிருந்த கருவிகளை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அதன்பின் அரை நூற்றாண்டு யாரும் அங்கவடியைத் தொடத் துணியவில்லை. 1952-இல் நியூயார்க் மருத்துவர் சாமுவேல் ரோசன், வேறோர் அறுவைக்கு முன்னால் எலும்பு இறுகியிருக்கிறதா என்று சோதித்தபோது அது அசைந்துகொடுத்தது. நோயாளிக்கு மேசையிலேயே காது கேட்டது. ஆனால் அசைத்துவிட்ட எலும்பு பலருக்கு மறுபடி இறுகியது. 1956 மே மாதம் ஜான் ஷே என்பவர் அங்கவடியையே எடுத்துவிட்டு, திறந்த வாசலை ஓர் இரத்தநாளத் துண்டால் மூடி, டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்தார். துணிச்சல் கெஸ்ஸலிடமும் இருந்தது. ஷேயிடம் கூடுதலாக இருந்தவை நுண்ணோக்கியும் ஆன்டிபயாடிக்கும்.

இன்று அடித்தட்டை முழுவதும் எடுப்பதுகூடக் குறைந்துவிட்டது. காதுத் துளை வழியாகவே போய்ச் செவிப்பறையை ஓரத்தில் தூக்கி, அங்கவடியின் மேல்வளைவை மட்டும் அகற்றி, அடித்தட்டில் லேசராலோ நுண்துளைப்பானாலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை போடுகிறார்கள். நாலரை மில்லிமீட்டர் அளவுள்ள, பிஸ்டன் போன்ற மாற்று எலும்பின் கொக்கியை அங்கவடிக்கு முந்தைய பட்டடை எலும்பில் மாட்டி, மறுமுனையை ஓட்டைக்குள் இறக்குகிறார்கள். பலருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு, எலும்பு வழிக் கேள்திறனுக்கும் காற்று வழிக் கேள்திறனுக்கும் உள்ள இடைவெளி 10 டெசிபெல்லுக்குள் வந்துவிடுகிறது.

அந்தப் பத்தாவது ஆளைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். நூற்றில் ஒருவருக்கு அந்தக் காதின் கேள்திறன் முற்றாகப் போகக்கூடும். சில நாள் தலைசுற்றல் வரலாம். நடுக்காதைக் கடந்துபோகும் சுவை நரம்பு உரசப்பட்டால் நாக்கில் சில வாரம் உலோகச் சுவை தங்கலாம். "காது மெஷின் போதாதா?" என்றால், பலருக்குப் போதும், உட்காது நன்றாக இருப்பதால் மெஷின் இவர்களுக்கு நன்றாகவே உதவும், ஆபத்தும் இல்லை. மெஷினைத் தேர்ந்தவரைக் கோழை என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் மெஷினைக் கழற்றினால் பழைய மந்தம் அப்படியே இருக்கும். நோய் உட்காதுக்கும் பரவிவிட்டால் அறுவை அந்தப் பங்கைச் சரிசெய்யாது. இதையும் டாக்டர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அந்த நூற்றில் ஒன்றை மனத்தில் வைத்துத்தான் முறையும் வகுத்திருக்கிறார்கள். இரண்டு காதும் மந்தமானாலும் ஒரே நாளில் இரண்டையும் திறப்பதில்லை. மோசமான காதில் முதலில் செய்து, பல மாதம் பொறுத்துப் பலனைப் பார்த்த பிறகே மற்றதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரே காதில் மட்டும் கேட்கும் திறன் உள்ளவருக்கு அந்தக் காதில் பொதுவாகக் கத்தி வைப்பதில்லை, அவருக்கு மெஷின்தான்.