பழத்தைப் பாதுகாத்தால் சத்தும் பாதுகாக்கப்படுமா?

பழக் காலம் வந்துவிட்டால் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் என்று வீடு நிறைந்துவிடும். கொல்லையில் மாமரமும் கொய்யா மரமும் உள்ள வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உண்டது போக மிஞ்சியதைச் சிலர் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார்கள். சிலர் ஜெருக் போடுகிறார்கள். சிலர் ஜாம் காய்ச்சுகிறார்கள். பழம் கெடாமல் காக்கப்படுவது உண்மைதான். அதிலுள்ள சத்தும் காக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

இது சமையலறையோடு முடிந்துவிடும் கேள்வி அல்ல. 2019ஆம் ஆண்டு மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் சுமார் 95 விழுக்காட்டினர் போதுமான பழமும் காய்கறியும் உண்பதில்லை. அதே ஆய்வில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. உண்ணும் பழமே குறைவு. அதிலும் சத்து போய், சீனி மட்டும் மிஞ்சினால் என்ன பயன்?

முதலில் பாதிக்கப்படுவது வைட்டமின் சி

உடலில் இயல்பாக உருவாகும் சில மூலக்கூறுகள் உயிரணுக்களைச் சேதப்படுத்தக்கூடியவை. அவற்றை அடக்கும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடண்ட் எனப்படுகின்றன. வைட்டமின் சி, மாம்பழத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின், சிவப்புப் பப்பாளியில் உள்ள லைகோபீன், பழங்களின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் அதிகமான வைட்டமின் சி உண்டு. பப்பாளியில் சுமார் 60, அன்னாசியில் சுமார் 48. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் போதும் என்பது மலேசியப் பரிந்துரை. ஆனால் இந்த வைட்டமின் சூடு, காற்று, வெளிச்சம் ஆகிய மூன்றையும் தாங்காது. நீரிலும் எளிதில் கரைந்துவிடும். வெட்டி வைத்த பழம் கறுத்துப்போவதும் காற்றின் வேலையே. அதனால், காலையில் வெட்டி மாலை வரை திறந்து வைத்த பழத்தைவிட, உண்ணும் நேரத்தில் வெட்டிய பழமே நல்லது.

குளிரும் சூடும்

வெப்பமண்டலப் பழங்களுக்கு அதிகக் குளிர் ஆகாது. வாழைப்பழம் 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுக்கிறது. காயாக உள்ள மாங்காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அது சரியாகப் பழுக்காது. வெளியில் வைத்துப் பழுத்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.

உறைய வைப்பது வேறு. -18 பாகையில் உறைந்த பழத்தில் சத்திழப்பு மிகக் குறைவு. உருகும்போது பழம் குழைந்துபோகும். சாறு அடிக்க அது ஒரு குறையல்ல.

டின்னில் அடைக்கும்போது பழம் சூடேற்றப்படுகிறது. ஜொகூர் பொந்தியான் வட்டாரம் அன்னாசிக்குப் பெயர்பெற்றது. அந்தப் பழமே டின்னுக்குள் போனால், 100 கிராமுக்குச் சுமார் 48 மில்லிகிராமாக இருந்த வைட்டமின் சி ஏறக்குறைய 10க்கு இறங்கிவிடுகிறது. புரதத்தைச் சிதைக்கும் புரோமெலின் என்ற நொதியும் செயலிழக்கிறது. ஜெலட்டின் ஜெல்லியில் பச்சை அன்னாசியைப் போட்டால் இறுகாததும், டின் அன்னாசியைப் போட்டால் இறுகுவதும் இதனால்தான். கரைந்த சத்தில் ஒரு பங்கு டின்னிலுள்ள பாகில் தங்கிவிடுகிறது. பாகைக் குடித்தால் சீனி சேரும். கொட்டினால் சத்து போகும். ஆகவே, பாகில் அடைத்ததை விடப் பழச்சாற்றில் அடைத்ததே மேல்.

எல்லாச் சத்தும் இப்படி அழிவதில்லை. லைகோபீன் சூட்டை ஓரளவு தாங்கும். சமைத்த தக்காளியிலிருந்து உடல் அதை இன்னும் எளிதாக எடுத்துக்கொள்கிறது. பீட்டா கரோட்டினும் லைகோபீனும் உடலில் சேரச் சிறிது கொழுப்பு வேண்டும். உணவுக்குப் பின் பப்பாளி உண்பது அந்த வகையில் பொருத்தமான பழக்கமே.

வற்றலும் ஜெருக்கும்

பழத்தை உலர்த்தினால் நீர் போய்ச் சீனி செறிவாகிறது. நார்ச்சத்தும் தாதுக்களும் நிற்கும். வெயிலில் காயவைத்தால் வைட்டமின் சியும் கரோட்டினும் குறையும். நிறம் மாறாதிருக்கச் சேர்க்கப்படும் சல்ஃபைட் வைட்டமின் சியைக் காத்தாலும் வைட்டமின் பி1ஐ அழிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுத்திணறலையும் தூண்டும். பொட்டலத்தில் உள்ளதைப் படித்துப் பார்த்து வாங்குவது அவசியம்.

ஜெருக் போடும்போது உப்பும் சீனியும் பழத்தின் நீரை இழுக்கின்றன. நீரோடு வைட்டமின் சியும் வெளியேறுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சுவையே. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பும், நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தச் சீனியும் சுமை. பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் வழியில் வாங்கும் ஜெருக்கைப் பழக் கணக்கில் பெற்றோர் சேர்க்கக் கூடாது.

பழுத்ததைப் பழமாகவே உண்பது முதல் வழி. மிஞ்சினால் சீனி சேர்க்காமல், துண்டுகளாக்கி, காற்றுப் புகாத பையில் உறைய வைப்பது அடுத்த வழி. சாற்றில் அடைத்த டின் பழம் அவசரத்துக்கு உதவும். வற்றல், ஜாம், ஜெருக் ஆகியவை விருந்துக்கு வந்தவர் முன் வைக்கும் தின்பண்டங்கள். அவற்றை அந்த அளவிலேயே வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.