ராத்திரி 7 மணிக்கு மேல்தான் "போணி"!
மயிலாடும்பாறை கடைவீதியில் விளக்கு அணைவது எப்போது?

மயிலாடும்பாறை–

பட்டணத்தில் ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்காக ராத்திரியில் கடை திறந்திருக்கும். மயிலாடும்பாறையில் காட்டு வேலை முடித்து வருகிறவர்களுக்காகத் திறந்திருக்கிறது!

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகாவில், வருசநாடு போகிற ரோட்டில் உள்ளது இந்த ஊர். பக்கத்துக் கடமலைக்குண்டையும் சேர்த்து "கடமலை–மயிலை ஒன்றியம்" என்பார்கள். 1984ல் எம்.ஜி.ஆரும், 2002லும் 2006லும் ஜெயலலிதாவும் ஜெயித்த ஆண்டிபட்டி தொகுதியில் வருகிறது. தொகுதிக்கு "ஸ்டார்" அந்தஸ்து. கடைவீதி என்னவோ சின்னதுதான்.

நடுப்பகலில் போனால் ஈ, காக்காய் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்தபடியே கடைக்காரர் ஒரு தூக்கம் போடலாம். தென்னந்தோப்பு, முந்திரிக் காடு, இலவ மரம் என்று ஜனங்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். கூலி கைக்கு வருவது சாயங்காலம். அரிசி, பருப்பு வாங்குவது அதற்குப் பிறகு. அடுப்புப் பற்ற வைப்பது அதற்கும் பிறகு!

"அண்ணே, அரைக் கிலோ தக்காளி போடுங்க. பத்து ரூபாய்க்குப் புளி. எண்ணெய் கால் லிட்டர்..."

"பழைய பாக்கி இருக்கே தாயீ?"

"சனிக்கிழமை தர்றேண்ணே, எழுதிக்கங்க."

செல்போனில் பணம் அனுப்புகிற காலம் வந்தும் இந்தக் கடன் நோட்டு ஒழியவில்லை. ஒழியவும் ஒழியாது. இன்றைய கூலி இன்றைய சோற்றுக்கு என்று இருக்கிற வீட்டில் மாதச் சாமான் ஏது? அன்றாடம் வாங்கித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் 7 மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டால் அவருக்கு வியாபாரம் நட்டம். அந்தத் தாய்க்கு அன்றைக்குச் சோறே நட்டம்.

மருந்துக் கடை விஷயம் இன்னும் அவசரம். குழந்தைக்கு ராத்திரிதான் காய்ச்சல் ஏறும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பது கானாவிலக்கில். கடமலைக்குண்டு, கண்டமனூர் தாண்டிப் போக வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்சும் கிடைக்க வேண்டுமே!

போலீஸ் விசில்

"24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே" என்று கேட்கலாம். சொன்னது உண்மை. 2019 மே மாதம் உத்தரவு போட்டார்கள். 2022ல் மேலும் 3 ஆண்டு நீட்டித்தார்கள். ஆனால் அது 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளுக்கு! மயிலாடும்பாறை மளிகைக் கடையில் 10 பேர் நின்றால் சரக்கு வைக்க இடம் எங்கே? புருஷன், பெஞ்சாதி, ஒரு பையன். அவ்வளவுதான் ஆள் பலம்.

ஆகவே பெரிய கடைக்கு உத்தரவுக் காகிதம் இருக்கிறது. சின்னக் கடைக்கு ரோந்து போலீசின் விசில்தான் மணி. டாஸ்மாக் கடையே ராத்திரி 10 வரை உண்டு. அதற்குப் பிறகு பால் பாக்கெட் விற்கிறவர் பயந்து விற்க வேண்டியிருக்கிறது.

பயம் வீணானதல்ல. 2020 ஜூன் மாதம், கொரோனா ஊரடங்கு சமயம். நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரையும் போலீசார் பிடித்துப் போனார்கள். அப்பனும் மகனும் அடுத்தடுத்துச் செத்துப் போனார்கள். விவகாரம் சி.பி.ஐ. வரை போனது. போலீசார் மீதே கொலை வழக்கு பதிவானது. தமிழ்நாடு பூராவும் சின்னக் கடைக்காரர்கள் அதை மறக்கவில்லை.

கால் கடுக்க...

கடைக்காரர் பக்கம் மட்டும் பேசினால் போதாது. சிப்பந்தி கதை வேறு. 1947ம் வருஷத்துக் கடைகள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. 17 வயசு முடியாத பையனை ராத்திரி 7 மணிக்கு மேல் கடையில் நிறுத்தக் கூடாது. வியாபாரம் சூடு பிடிப்பதே 7 மணிக்கு! சட்டம் ஒரு பக்கம், பொட்டலம் ஒரு பக்கம்.

உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று 2021ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை நின்ற கால்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இதிலும் ஒரு வேடிக்கை. முதலாளியோடு குடியிருந்து அவரை நம்பிப் பிழைக்கிற மனைவி, மக்கள் சட்டத்தின் கண்ணில் "ஊழியர்" ஆக மாட்டார்கள். அந்த அம்மாளுக்கு 8 மணி நேரக் கணக்கும் கிடையாது, வார லீவும் கிடையாது. விடிகாலையில் பால் எடுத்து வைத்தவரும் அவர்தான். ராத்திரி புரோட்டாக் கடைக் கல் ஆறின பிறகு சில்லறையை எண்ணி முடிச்சுப் போடுகிறவரும் அவர்தான்.

பாதி ஷட்டர் இறங்கின பிறகும் குனிந்து எட்டிப் பார்த்து ஒரு குரல் வரும்: "அக்கா, ஒரே ஒரு தீப்பெட்டி..."

ஷட்டர் மறுபடி மேலே போகும்.