நீரைக் கெடுக்காதிருக்கக் கூலி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபெராங் பிறையின் தென்பாகத்தில், நிபோங் திபால் பட்டணத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில், பைராம் தோட்டம் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்று உண்டு. அதே பெயரில் அலையாத்திக் காடு ஒன்று உண்டு. காட்டை ஒட்டி, மாநிலத்தின் குப்பை வந்து சேரும் பூலாவ் பூரோங் கிடங்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பிறகு பால்மரமும், அதன் பிறகு செம்பனையுமாக இவ்வட்டாரத் தோட்டங்களில் பயிர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீர் போகும் வழி மட்டும் மாறவில்லை. மரத்தடியில் பெய்த மழை காண் எனப்படும் வடிகாலுக்கும், காணிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து அலையாத்திச் சேற்றுக்கும், கடைசியில் கடலுக்கும் போய்ச் சேருகிறது. போட்ட உரத்தில் மரம் உண்டது போக மிஞ்சியதும், களைக்கு அடித்த மருந்தில் மண் பிடித்தது போக எஞ்சியதும் அதே வழியில்தான் பிரயாணம் செய்கின்றன.

அந்த மிச்சம் நீரில் சேராதபடி தடுக்கும் உழவனுக்குப் பணம் கொடுக்கலாமா என்னும் கேள்வி, முதன்முறை கேட்பவருக்கு விபரீதமாகவே தோன்றும். ஊர்க் கிணற்றில் அழுக்கைக் கொட்டியவனிடம் அபராதம் வாங்குவதே முறையாக இருக்க, இனிமேல் கொட்டமாட்டேன் என்று அவன் சொல்வதற்காகச் சன்மானம் அளிப்பது எந்த ஊர் நியாயம்? பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனம் 1972-ஆம் ஆண்டில் வகுத்த கொள்கையும், 1992-இல் ரியோ பிரகடனத்தின் பதினாறாவது விதியும், அசுத்தம் செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஆயினும் அந்தக் கொள்கையை ஏற்ற நாடுகளே, உழவர்கள் விஷயத்தில் அதற்கு நேர்மாறாக நடந்து, பெருந்தொகைகளை அவர்களுக்கு வழங்கி வருகின்றன. காரணம் இரக்கம் மட்டுமன்று. அதை விளங்கிக்கொள்ள நம்முடைய செம்பனையிலிருந்தே தொடங்கலாம்.

செம்பனைப் பயிர் வேகமாகப் பெருகிய 1960, 70-களில், பழக்குலைகளை அவித்துப் பிழியும் ஆலைகள் பழுப்பு நிறக் கழிவை ஆறுகளில் விட்டன. அக்கழிவு நேரடியான விஷமன்று. அது மட்கும்போது நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால் மீன்கள் மூச்சுத் திணறி மாளும் என்பதே அதன் கொடுமை. சுத்திகரிக்கப்படாத ஒரு லிட்டர் கழிவு இழுக்கும் பிராணவாயுவின் அளவு சுமார் 25,000 மில்லிகிராம். 1974-இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகளும் வந்தன. 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரையில் அனுமதித்த அரசாங்கம், அந்த வரம்பைப் படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. அதைவிடச் சாமர்த்தியமான காரியம், உரிமக் கட்டணத்தையே கழிவின் பாரத்தோடு பிணைத்ததாகும்: ஆற்றில் விடும் ஒவ்வொரு டன் பாரத்துக்கும் 10 ரிங்கிட், வரம்பை மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 100 ரிங்கிட், கழிவைச் சுத்திகரிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஆலைகளுக்குக் கட்டணச் சலுகை. ஆலைகள் குளங்களை வெட்டிக் கழிவை அவற்றில் மட்கவிட்டன. மட்கிய சேற்றைத் தோட்டத்துக்கே எருவாக அனுப்பவும் கற்றுக்கொண்டன. 1975-க்கும் 1985-க்கும் இடையில் நாட்டின் எண்ணெய் உற்பத்தி மூன்று மடங்குக்கு மேல் பெருகியபோதிலும், ஆறுகளில் சேர்ந்த ஆலைக் கழிவின் பாரம் வெகுவாகக் குறைந்தது. இதற்காக யாருக்கும் யாரும் சன்மானம் அளிக்கவில்லை.

அப்படியானால் தோட்டத்துக்கும் அதே வைத்தியத்தைச் செய்தாலென்ன? இடையூறு எங்கே இருக்கிறதென்றால், ஆலைக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் பாத்திரத்தை நீட்டி அளக்கலாம். பன்றிக் கொட்டகைக்கும் ஒரு சாக்கடை உண்டு. ஆகவேதான் பினாங்குச் சட்டமன்றம் 2016-இல் பன்றிப் பண்ணைகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றிக் கொட்டகைகளை நவீனப்படுத்தச் சொல்ல முடிந்தது. செம்பனைக் காட்டுக்கோ நெல்வயலுக்கோ அப்படி ஒரு வாய் இல்லை. உரம் போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் அதில் ஒரு பகுதி ஓடிவிடும். மழை ஒரு வாரம் தாமதித்தால் ஓடாது. ஆற்றில் கலந்த நைட்ரேட்டு எந்த உழவனின் துண்டு நிலத்திலிருந்து வந்தது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல இயலாது. அளக்க முடியாத குற்றத்துக்கு அபராதம் விதிக்க முடியாமையால், அளக்கக்கூடிய நற்செயலுக்குக் கூலி கொடுப்பது என்ற யுக்தி பிறந்தது. கரையோரத்தில் பயிரிடாமல் விட்ட பட்டையின் அகலத்தை அளக்கலாம். மூடுபயிர் விதைத்தாயிற்றா என்று கண்ணால் பார்க்கலாம்.

இந்த யுக்தியின் பிரசித்தமான உதாரணம் நியூயார்க். அந்நகரத்துக்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலைப் பிரதேசத்தில் பால்பண்ணைகள் மிகுதி. சாணமும் உரமும் நீர்த்தேக்கங்களில் கலந்தால் பல நூறு கோடி டாலர் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டவேண்டியிருக்கும் என்ற நிலையில், 1990-இல் நகரம் முதலில் கையிலெடுத்தது கட்டுப்பாட்டு விதிகளைத்தான். மலைவாசிகள் கொதித்தெழுந்தார்கள். பிறகு சமாதானம் பேசப்பட்டு, உழவர்களே நடத்தும் ஒரு சபை 1993-இல் ஏற்பட்டது. 1997-இல் பெரிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சாணக் கொட்டகைக்கும் ஓடைக்கரை வேலிக்கும் ஆகும் செலவை நகரம் ஏற்றது. சேருவதும் சேராததும் ஒவ்வொருவரின் இஷ்டம், ஆனால் 85 சதவிகிதப் பண்ணைகளாவது சேரவேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு மேலேயே சேர்ந்தார்கள்.

பிரான்ஸ் தேசத்து வித்தேல் ஊற்று நீரின் கதை இதைவிடச் சுவையானது. மக்காச்சோள வயல்களிலிருந்து இறங்கிய நைட்ரேட்டு ஊற்றில் ஏறத் தொடங்கியதைக் கண்டு, அந்நீரை விற்றுவந்த கம்பெனி, 1980-களின் இறுதியில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் உழவர்களோடு பேசிற்று. மக்காச்சோளத்தைக் கைவிட்டு, ரசாயன மருந்தில்லாமல், புல்லை நம்பி மாடு வளர்க்கச் சம்மதித்தவர்களோடு 18 அல்லது 30 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 200 யூரோ வீதம் முதல் ஐந்தாண்டுகளுக்குக் கொடுத்து, நிலக்கடனைத் தீர்த்து, உபகரணமும் வாங்கித் தந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்க ஒரு நாள் போதும். கம்பெனி நம் நிலத்தை விழுங்க வரவில்லை என்று குடியானவன் நம்புவதற்குத்தான் பத்தாண்டுகள் பிடித்தன.

இவ்விரண்டு கதைகளையும் மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டிலும் கீழ்நீரில் உட்கார்ந்திருந்தவர் பணக்காரர்: ஒருவர் உலகத்தின் செல்வ நகரம், மற்றவர் நீரைப் புட்டியில் அடைத்து விற்கும் வியாபாரி. நீர் கெட்டால் அவர்களுக்கு நஷ்டம்; நஷ்டத்தைத் தவிர்க்கப் பணமும் இருந்தது. பைராமின் கீழ்நீரில் யார் இருக்கிறார்கள்? அலையாத்திச் சேற்றில் நண்டு பிடிப்பவரும், கிரியான் ஆற்று முகத்தில் வலை வீசுபவரும், கரையோரத்தில் இறாலை நம்பிப் பிழைப்பவரும் இருக்கிறார்கள். நீர் கெட்டால் அவர்கள் நஷ்டப்படுவார்கள். ஆனால் மேலேயுள்ள தோட்டத்துக்குக் கூலி கொடுக்க அவர்களால் ஆகுமா? சந்தையை நம்பி விட்டால், ஏழை குடிக்கும் நீர் கடைசிவரை கெட்டே கிடக்கும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெருங்குறை.

மாநிலத்தின் வடகோடியில் நிலைமை வேறு. பினாங்கின் குடிநீரில் ஏறத்தாழ 80 சதவிகிதம் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடாக் காட்டில். காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு ஈடாக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் வேண்டும் என்று கெடா கேட்டதும், பினாங்கு மறுத்ததும் பத்திரிகை வாசகர்கள் அறிந்ததே. கேட்ஸ்கில் கதையின் சகல பாத்திரங்களும் இங்கே இருக்கின்றன. உழவனும் வனவாசியும் மட்டும் பேச்சில் இல்லை. இரு மாநில அரசுகள் பேரம் பேசும் இடத்தில், கிடைக்கும் பணம் ஓடைக்கரையில் மண்வெட்டி பிடித்தவன் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்கென மத்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு வரவுசெலவில் 6 கோடி ரிங்கிட்டில் தொடங்கி, 2024-இல் 20 கோடியாக உயர்த்திய மானியமும் மாநில அரசுகளுக்கே போகிறது.

இன்னொரு முரண்பாட்டையும் கவனிக்கவேண்டும். அரசாங்கங்கள் உழவனுக்கு ஏற்கனவே பணம் கொடுத்துத்தான் வருகின்றன, ஆனால் எதிர்த்திசையில். மலேசிய நெல் விவசாயிக்கு உரம் மானியமாக வருகிறது. இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. அள்ளிப் போடு என்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, குறைத்துப் போடு என்று மறு கையால் கொடுப்பது வீண் விரயம். இதை உணர்ந்தோ என்னவோ, இந்திய அரசு 2023 ஜூனில் அனுமதித்த ‘பி.எம். பிரணாம்’ திட்டத்தில், ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லிற்று. அந்தப் பாதியிலும் 30 சதவிகிதத்தைத்தான் உழவர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் அவர்தம் குழுக்களுக்கும் ஊக்கத்தொகையாகத் தரலாம்.

பைராம் போன்ற இடத்தில் என்ன செய்யலாம்? கம்பெனித் தோட்டத்துக்குக் கூலி கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆலைக்குக் குளம் வெட்டக் கற்ற முதலாளிக்கு ஓடைக்கரையைக் காக்கக் கற்பதும் சாத்தியமே. சிறுதோட்டக்காரர் விஷயம் வேறு. 5 முதல் 10 மீட்டர் அகலமுள்ள ஓடைக்கு இருகரையிலும் 10 மீட்டர் விடவேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டுதல். செம்பனை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுவதால், கரைக்கு ஒரு வரிசை மரம் போய்விடும். இருபத்தைந்து ஆண்டு குலை தள்ளவேண்டிய வரிசை அது. சில ஏக்கர் மட்டும் உள்ளவருக்கு அந்த நஷ்டத்தைப் பொதுப்பணத்திலிருந்து ஈடு செய்வதே நியாயம். இதில் ஒரு சிக்கல் உண்டு: முன்பே கரையை விட்டுவைத்த நல்லவருக்கு ஒன்றும் கிடைக்காமல், கரைவரை நட்டவருக்கே பணம் கிடைக்குமானால், அடுத்த முறை நல்லவரும் கரைவரை நடுவார். ஆகவே இருக்கும் பட்டைக்கும் புதிதாக விடும் பட்டைக்கும் ஒரே வீதத்தில் கொடுக்கவேண்டும்; செலவு கூடினாலும் பாதகமில்லை.

நிலமே இல்லாதவன் ஒருவன் இக்கணக்கில் எங்கும் வருவதில்லை. உரத்தை மரத்தடியில் இடுவது முதலாளியின் கையன்று. முன்பு நம்முடைய பெண்கள் இடுப்பில் வாளியைத் தாங்கி, மரத்துக்கு இத்தனை கிண்ணம் என்று வட்டமாகத் தூவினார்கள். இன்று வெளிநாட்டுத் தொழிலாளிகள் தூவுகிறார்கள். பல தோட்டங்களில் தீர்த்த மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் மேற்பார்வையாளரான மண்டோர் எண்ணுவது காலிச் சாக்குகளை. சாக்கு சீக்கிரம் காலியானால் கூலி உயரும் என்ற கணக்கில், தூரத்து மரத்துக்குப் போகவேண்டியது வரப்போரத்திலும் காணுக்குள்ளும் குவிந்துவிடுவதை அறியாத மண்டோர் இல்லை. மூட்டைக் கணக்கை மாற்றி மரக் கணக்காக்கி, காணோரத்து வரிசைகளுக்கு மெதுவாகத் தூவுவதற்கென்று தனி வீதமும் வைத்தால், அந்தச் செலவு தோட்டத்துக்கே உரச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகத் திரும்பும். மாநிலமோ மத்திய அரசோ இதற்காகத் தனி ஒதுக்கீடு செய்யவேண்டியதில்லை.