ஒரே வகுப்பில் இருமொழி மாணவர்

ஒரு மொழியின் சொல்லையும் இலக்கணத்தையும் நூல்வழி அறியலாம். அம்மொழிக்குரியாரின் மனப்பாங்கை அவரோடு பழகியே அறிதல் வேண்டும். ஆதலின், ஒரு மொழியைக் கற்போரும் அதனைத் தாய்மொழியாகவுடையோரும் ஒருங்கிருந்து பயிலும் முறை பெரும்பயன் தருவதாகும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள கோரல் வே ஆரம்ப பாடசாலை. 1959 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் கியூபாவினின்றும் அகதிகள் பலர் அந்நகரிற் குடிபுகுந்தனர். 1963 இல் அவர்தம் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் பள்ளிநாளின் ஒரு பாதியை ஆங்கிலத்திலும் மறுபாதியை ஸ்பானிய மொழியிலும் கற்கத் தொடங்கினர். முதற்கண் சித்திரம், சங்கீதம், விளையாட்டு என்பவற்றிலேயே இருசாராரும் கலந்தனர்; பின்னர்ப் பரவிய இருவழி மொழிக்கல்வியில் ஏனைய பாடங்களையும் கலந்தே கற்கின்றனர். ஒரு மொழியில் வழிகாட்டுபவன் மறுமொழியில் வழிகேட்பவனாகின்றான். கொடுப்போர், கொள்வோர் என்ற ஏற்றத்தாழ்வு அங்கில்லை.

நம் நாட்டில் 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தே பயில்கின்றனர். இரண்டாம் மொழியைப் புத்தகத்திற் காண்பரேயன்றி, அதனைப் பேசும் தோழனைக் காண்பதரிது.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறை வகுப்பொன்றிற் சிங்கள மாணவர் சிலரும் தமிழ் மாணவரும் ஒருங்கே கற்றனர். சிங்கள மாணவனொருவன், "ஐயா, எங்கள் மொழியில் 'அபி' என்னும் ஒரு சொல்லே உண்டு. தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரண்டு ஏன்?" என வினவினான். அருகிருந்த தமிழ் மாணவர் விழித்தனர். நம்மவர் பேச்சில் 'நாங்கள்' என்பதே பெரும்பாலும் இரண்டிற்கும் வழங்குதலால், அவர்கள் அவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததில்லை. கேட்போனையும் உளப்படுத்துவது 'நாம்'. அவனை நீக்கிக் கூறுவது 'நாங்கள்' என்று விளக்கினேன். அன்று தமிழ் கற்றவன் சிங்கள மாணவன் மட்டுமல்லன்.

மறுநாள் நிலை மாறிற்று. நம் எழுத்தில் வல்லொலிக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் ஒரு ககரமே, ஒரு பகரமே. சிங்களத்தில் அவற்றிற்குத் தனித்தனி எழுத்துக்கள் உள. நம் மாணவர் தடுமாற, அதே மாணவன் தன் வாயசைவைக் காட்டித் திருத்தினான்.

இத்தகைய வகுப்பில் இருசாராரும் ஏறத்தாழ ஒத்த தொகையினராதல் வேண்டும். ஆசிரியர் இருமொழியையும் ஒப்ப மதித்தல் வேண்டும். இன்றேல் வலிய மொழி மற்றதை விழுங்கிவிடும். இவை பேணப்படின், மாணவர் மொழியோடு ஒருவரையொருவர் அறிவர். 'நாங்கள்' என்று பிரிந்திருந்தோர் 'நாம்' எனக் கூறப் பழகுமிடம் வகுப்பறையேயாம்.